மூணு பீப், மூணு கலர் கோடு

போன மாசம் ஒரு சனிக்கிழமை. எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. வீட்டு லேப்டாப்ல ராம் மாத்தணும்.

ராம்னா மெமரி. பிஸ்கட் நீளத்துக்கு ஒரு பச்சைத் தகடு. பழசைக் கழட்டிட்டு அதே இடத்துல புதுசைச் செருகணும், அவ்வளவுதான். இதுக்கு இன்ஜினீயரிங் படிச்சிருக்க வேண்டிய அவசியமே இல்ல. நான் படிச்சிருந்தேன். அங்கதான் வினை.

ஒரகடத்துல, வண்டிகளுக்கு பிராக்கெட், அதாவது பாகங்களைத் தாங்கிப் பிடிக்கற இரும்புத் தகடு, செய்யற ஒரு கம்பெனில குவாலிட்டி இன்ஜினீயரா இருக்கேன். பதினோரு வருஷமாச்சு. அடுத்தவங்க செஞ்சதுல தப்பு கண்டுபிடிக்கறதுதான் என் வேலை. இத்தனை வருஷத்துல நானா எதையும் செஞ்சதில்ல. அதனால என்மேல ஒரு தப்பும் வந்ததில்ல.

ராம் மாத்தினது எனக்காக இல்ல. என் மனைவி வாணிக்கு அன்னிக்கு மதியம் மூணு மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. இருங்காட்டுக்கோட்டை பக்கம் ஒரு பெரிய வண்டி கம்பெனி, பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட். பாப்பா பொறந்தப்ப வேலையை விட்டவ. நாலு வருஷம் ஓடிடுச்சு. இதுக்கு முன்னாடி ரெண்டு கம்பெனில அந்த நாலு வருஷத்தைப் பத்தியே குடைஞ்சு கேட்டுட்டு, சொல்லி அனுப்பறோம்னாங்க. சொல்லவே இல்ல. இந்த வேலை கிடைக்கணும்னு அவ எவ்வளவு ஆசைப்பட்டான்னு எனக்குத் தெரியும். ஒரு வாரமா பாத்திரம் கழுவும்போதுகூட குழாயைப் பாத்து பதில் சொல்லிக்கிட்டிருந்தா.

போன்ல பேசி முடிக்கற இன்டர்வியூ இல்ல அது. நடுவுல எக்செல் டெஸ்ட் இருக்கு, ஸ்கிரீனைக் காட்டிக்கிட்டே செய்யணும்னு மெயில்ல போட்டிருந்தாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை பாத்தோம். வீடியோவையும் எக்செல்லையும் ஒண்ணாத் திறந்ததும் லேப்டாப்ல வட்டம் சுத்த ஆரம்பிச்சுது. சுத்திக்கிட்டே இருந்துச்சு.

உடனே வண்டியை எடுத்துக்கிட்டு ஸ்ரீபெரும்புதூர் போய் ஸ்டெல்லா கடையில புது ராம் வாங்கினேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்துல சின்ன சர்வீஸ் கடை. ஸ்டெல்லா ஆறு வருஷம் ஒரு செல்போன் கம்பெனி அசெம்ப்ளி லைன்ல ஆபரேட்டரா இருந்துட்டு, வெளில வந்து சொந்தமா கடை போட்டவங்க.

"லேப்டாப்பையும் கொண்டாங்க சார், நானே போட்டுத் தர்றேன். அஞ்சு நிமிஷம்."

"பரவால்லமா. நான் குவாலிட்டில இருக்கேன்."

அவங்க என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. லைன்ல நின்னவங்க எல்லாருமே எங்க டிபார்ட்மென்ட்டை அப்படித்தான் பாப்பாங்க. நான் கண்டுக்கல.

சனிக்கிழமை காலைல பாப்பாவை வாலாஜாபாத்ல மாமியார் வீட்டுல விட்டுட்டு வந்தேன். பத்து மணிக்கு வேலையை ஆரம்பிச்சேன். மேஜை மேல பழைய பெட்ஷீட் விரிச்சேன். ஸ்க்ரூ தொலையக் கூடாதுன்னு இட்லித் தட்டு எடுத்து, ஒரு குழிக்கு ஒரு ஸ்க்ரூவா அடுக்கினேன்.

"நாளைக்கு அதுல இட்லி ஊத்தணும்ங்க" அப்படின்னா வாணி.

"இது ஒரு சிஸ்டம். உனக்குப் புரியாது."

இந்த இடத்துல எங்க தொழில் பழக்கம் ஒண்ணைச் சொல்லியாகணும். எங்க ப்ளான்ட்ல ஒரு போல்ட்டை முறுக்கி முடிச்சதும் பெயிண்ட் மார்க்கரால ஒரு கோடு இழுப்போம். போல்ட் தலையில ஆரம்பிச்சு அது உக்கார்ற தகடு வரைக்கும் ஒரே கோடு. போல்ட் லூசாச்சுன்னா கோடு விலகிடும், பாத்ததுமே தெரிஞ்சுடும். கோடு இல்லைன்னா முறுக்கலைன்னு அர்த்தம். கம்பெனிக்குக் கம்பெனி கலர் மாறும். எங்ககிட்ட மொத தடவைன்னா மஞ்ச.

பதினோரு வருஷம் இதைப் பண்ணினா மூளையைக் கேக்காம கை தானா போயிடும். எங்க வீட்டு குக்கர் கைப்பிடி, கேஸ் ரெகுலேட்டர், பாப்பாவோட மூணு சக்கர சைக்கிள், எல்லாத்துலயும் மஞ்சக் கோடு உண்டு. வாணி தோடு திருகாணியை என் கண்ணுல படாம வெச்சிருக்கா.

பழைய ராமைக் கழட்டினேன். அந்த லேப்டாப்ல ராம் செருகற ஸ்லாட்டு ஒண்ணே ஒண்ணுதான். புது ராமை வெச்சு அழுத்தினேன். 'டக்'குனு உக்காந்துச்சு. கை சட்டைப் பாக்கெட்டுக்குப் போச்சு, மார்க்கர் வெளில வந்துச்சு. ராம்லேர்ந்து ஸ்லாட் வரைக்கும் அழகா ஒரு மஞ்சக் கோடு. மார்க்கர் புதுசு, அழுத்தினதும் ஒரு சொட்டு கூடவே வந்துச்சு. ஊதிக் காய வெச்சுட்டு மூடினேன்.

பவர் பட்டனை அழுத்தினேன்.

பீப். பீப். பீப்.

ஸ்கிரீன் கருப்பு. கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு மறுபடியும் மூணு பீப்.

கீழ் வீட்டுலேர்ந்து குரல் வந்துச்சு. ஹவுஸ் ஓனர் முனுசாமி. வல்லம் வடகால்ல நாலு போர்ஷன் கட்டி எங்கள மாதிரி கம்பெனி ஆளுங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கார்.

"இன்னாபா, மாடில லாரி ரிவர்ஸ் எடுத்துகினுகீதா?"

"இல்ல சார், லேப்டாப்."

"சரி சரி, பாத்து எடு. பின்னாடி செவுரு கீது."

போன்ல தேடிப் பாத்தேன். இந்த லேப்டாப்புல மூணு பீப்னா மெமரியைக் காணோம்னு அர்த்தமாம். எனக்குக் கோவம் வந்துடுச்சு. இப்பத்தான என் கையால வெச்சேன், அதைப் போய்க் காணோம்னு சொல்லுது. ராமைக் கழட்டித் திரும்பச் செருகினேன். ஒரு தடவை கழட்டி மாட்டினா அது ரீவொர்க். எங்க ப்ளான்ட்ல ரீவொர்க்குக்குப் பச்சைக் கோடு. பையிலேர்ந்து பச்சை மார்க்கரை எடுத்தேன்.

பீப். பீப். பீப்.

"ஸ்டெல்லாகிட்ட கொண்டு போயிடலாமே?" அப்படின்னா வாணி.

"அவசரப்படாத. ரூட் காஸ் கண்டுபிடிக்காம எதையும் வெளில அனுப்பக் கூடாது. அஞ்சு தடவை 'ஏன்'னு கேட்டா அடிவேர் வரைக்கும் போயிடலாம். நீ கேளு, நான் சொல்றேன்."

வாணி நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தா.

"ஏன் பீப் அடிக்குது?"

"மெமரி தெரியல."

"ஏன் தெரியல?"

"கான்டாக்ட் இல்ல."

"ஏன் இல்ல?"

"அது... புது ராம்ல ஏதாவது டிஃபெக்ட் இருக்கலாம்."

"ஏன் அதை வாங்கின கடையிலயே போடச் சொல்லல?"

நான் இட்லித் தட்டுல ஸ்க்ரூவை எண்ண ஆரம்பிச்சேன்.

"ஏன் உங்ககிட்ட குடுத்தேன்?"

அஞ்சாவது ஏன்லயே அடிவேர் வந்துடுச்சு. ஆனா நான் அதை ஒத்துக்கல. இது ப்ராசஸ் பிரச்சினை, ஆளைக் குறை சொல்லக் கூடாதுன்னு சொன்னேன். எங்க ப்ளான்ட்ல இப்படி நான் யார்கிட்டயும் சொன்னதா ஞாபகம் இல்ல.

அதுக்குள்ள முனுசாமியே மாடி ஏறி வந்துட்டார். கையைப் பின்னால கட்டிக்கிட்டு லேப்டாப்பைச் சுத்தி வந்தார்.

"எங்க போர் மோட்டாரு இப்பிடித்தான் கத்திகினு இருந்துச்சு. ஒரு தட்டு தட்டினேன், கப்புனு ஆயிடுச்சு."

நான் தடுக்கறதுக்குள்ள தட்டிட்டார். லேப்டாப் மூணு பீப் அடிச்சுது.

"பாத்தியா, உயிரு கீது. பயப்படாத"ன்னு தைரியம் சொல்லிட்டுக் கீழ போயிட்டார்.

நெட்ல இன்னொருத்தர் யோசனை சொல்லியிருந்தார். ராமோட கால்ல இருக்கற பட்டையை ரப்பரால தேய்ச்சா அழுக்குப் போயிடுமாம். பாப்பாவோட ரப்பரை எடுத்தேன். ஸ்ட்ராபெர்ரி வாசனை ரப்பர். தேய்க்கும்போது பாத்தா, கால்ல அங்கங்க மஞ்சளாப் பளபளன்னு இருந்துச்சு. அது தங்க முலாம்னு எனக்குத் தெரியும். நல்ல தரமான பொருள்னு வாணிகிட்ட காட்டக்கூட செஞ்சேன். சில இடத்துல முலாம் கொஞ்சம் தடியா இருந்துச்சு. சந்தோஷப்பட்டேன்.

தேய்ச்ச ராமை வெச்சு, மூணாவது கோடு போட்டேன். மூணாவது தடவை சரிபாத்தா அது ஆடிட். ஆடிட்டுக்கு வெள்ளை.

பீப். பீப். பீப்.

பழைய ராமையே திரும்பப் போட்டுப் பாத்தேன். நேத்து வரைக்கும் ஓடினது அது. அதுக்கும் மூணு பீப். அப்ப ராம்ல கோளாறு இல்ல.

மணி ஒண்ணு இருபது.

"மதர்போர்டு போயிடுச்சு வாணி."

அவ கதவுல இஸ்திரி போட்டு மாட்டியிருந்த நீலப் புடவையை எடுத்து, கட்டில்ல உக்காந்து மெதுவா மடிக்க ஆரம்பிச்சா. நாலு மூலையும் சேத்துப் பொறுமையா மடிச்சா.

என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு. என் வீம்பால அவளோட நாலு வருஷம் அஞ்சு வருஷமாகப் போகுதுன்னு அப்பத்தான் உறைச்சுது.

"மடிக்காத. கட்டிக்கோ. ஸ்டெல்லா கடைக்குப் போறோம்."

லேப்டாப்பைப் பெட்ஷீட்ல சுத்தி, வாணி மடியில குடுத்து, வண்டியைக் கிளப்பினேன். ஷிஃப்ட் மாறுற நேரம். ரோடு பூரா கம்பெனி பஸ். ஒரு பஸ் இறங்கி வர, ஒரு பஸ் ஏறிப் போக, நடுவுல கன்டெய்னர் லாரி ஒண்ணு ரோட்டை அடைச்சுக்கிட்டு ரிவர்ஸ் எடுத்துக்கிட்டிருந்துச்சு. அதுவும் பீப் பீப்புனுதான் கத்துச்சு. வாணி பின்னாலேர்ந்து, "அதையும் நீங்கதான் சரி பண்ணீங்களா?"ன்னு கேட்டா. அன்னிக்கு அவ பேசினதுல எனக்கு நிம்மதி தந்த வார்த்தை அதுதான்.

கடைக்குப் போய்ச் சேரும்போது ரெண்டே கால்.

ஸ்டெல்லா லேப்டாப்பைத் திருப்பி மூடியைக் கழட்டினாங்க. லைட்டைக் கிட்ட இழுத்தாங்க. பூதக்கண்ணாடியைக் கண்ணுல வெச்சுக்கிட்டுக் குனிஞ்சாங்க. ரொம்ப நேரம் நிமிரவே இல்ல.

"சார், இது இன்னா சார், மஞ்சளா?"

"அது மார்க்கிங்."

"பச்சை?"

"ரீவொர்க்."

"வெள்ளை?"

"ஆடிட்."

"ஆடிட் யாரு பண்ணது?"

"நான்தான்."

ஸ்டெல்லா கண்ணாடியைக் கழட்டி மேஜை மேல வெச்சாங்க. வாணி என்னைத் திரும்பிப் பாக்கவே இல்ல. அதுவே பெரிய தண்டனை.

"பெயிண்ட்டு ஸ்லாட்டுக்குள்ள வழிஞ்சு காஞ்சு கெடக்கு. அப்புறம் எங்க கான்டாக்ட் கெடைக்கும்? ராம் நல்லாத்தான் கீது. போர்டும் நல்லாத்தான் கீது."

"அப்ப ரூட் காஸ்?" பழக்க தோஷம், வாய் தானா கேட்டுடுச்சு.

"பேர் சொல்லணுமா சார்?"

பல் தேய்க்கற பிரஷ்ஷை எடுத்து, ஏதோ மருந்துல நனைச்சு, ஸ்லாட்டை ஒவ்வொரு பின்னாத் துடைக்க ஆரம்பிச்சாங்க. துடைச்சுக்கிட்டே பேசினாங்க.

"எங்க லைன்ல எதுனா ஆச்சுன்னா, 'ஆபரேட்டர் கவனக்குறைவு, மறுபயிற்சி அளிக்கப்பட்டது'ன்னு எழுதிகினு வந்து கையெழுத்துக் கேப்பாங்க சார். நான் நாலு வாட்டி போட்ருக்கேன். அதுல ஒண்ணுதான் என் தப்பு."

"மத்த மூணு?" அப்படின்னு வாணி கேட்டா.

"ஒருவாட்டி பார்ட்டே தப்பா வந்துச்சு. ஒருவாட்டி மெஷின். இன்னொருவாட்டி நான் லீவு."

எனக்குத் தலை தானாக் குனிஞ்சுடுச்சு. அந்த வரியை நான் எத்தனை தடவை எழுதியிருப்பேன்னு எனக்கே கணக்கு இல்ல. டைப் பண்ற நேரம் மிச்சமாகட்டும்னு அதைத் தனியா ஒரு ஃபைல்ல காப்பி பண்ணி வேற வெச்சிருக்கேன்.

ரெண்டு ஐம்பதுக்குப் பவர் பட்டனை அழுத்தினாங்க. நான் கண்ணை மூடிக்கிட்டேன். சத்தமே இல்ல. கண்ணைத் திறந்தா ஸ்கிரீன்ல வெளிச்சம்.

ஆனா வீட்டுக்குப் போக நேரம் இல்ல. ஸ்டெல்லா யோசிக்கவே இல்ல. ஷட்டரைப் பாதி இறக்கினாங்க. தொங்கிக்கிட்டிருந்த செல்போன் கவரையெல்லாம் ஒதுக்கிட்டு, பின்னால ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினாங்க. நாங்க லேப்டாப்பைச் சுத்திக்கிட்டு வந்த பெட்ஷீட்டை மடிச்சு ஸ்டூல் மேல போட்டாங்க. அவங்க போன்லேர்ந்தே நெட்டும் குடுத்தாங்க.

"அக்கா, நீங்க உக்காருங்க. சார், நீங்க கவுன்ட்டருக்குக் கீழ போயிடுங்க. எதையும் தொடாதீங்க."

போனேன். கவுன்ட்டருக்கு அடியில பழைய கீபோர்டுங்களுக்கு நடுவுல குந்திக்கிட்டேன்.

மூணு பேர் பேசினாங்க. மொத கேள்வியே அந்த நாலு வருஷம். வாணி கொஞ்சமும் தடுமாறல. குழந்தையைப் பாத்துக்கிட்டேன், நடுவுல எக்செல் கோர்ஸ் முடிச்சேன்னு நிதானமாச் சொன்னா. டெஸ்ட்டும் முடிஞ்சுது. புது ராம் ஒரு தடவைகூட வட்டம் சுத்தல. கீழ உக்காந்திருந்த எனக்குப் பெருமையா இருந்துச்சு. ராமை நினைச்சு இல்ல, அவளை நினைச்சு.

அப்புறம் ஒரு வயசான குரல் கேட்டுச்சு. "எதிர்பாராத ஒரு பிரச்சினை, கையில நேரம் இல்ல. அப்படி எதையாவது சமாளிச்சிருக்கீங்களாம்மா?"

வாணி ஒரு வினாடி யோசிச்சா. நான் கீழேர்ந்து வேணாம் வேணாம்னு தலையாட்டினேன்.

"இன்னிக்குக் காலைலயே ஒண்ணு நடந்துச்சு சார்."

முழுசாச் சொல்லிட்டா. இட்லித் தட்டு, மஞ்ச, பச்சை, ஸ்ட்ராபெர்ரி ரப்பர், தங்க முலாம், வெள்ளை. ஒரு வரி விடல. அந்தப் பக்கம் மூணு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ஒருத்தர் இருமவே ஆரம்பிச்சுட்டார். எனக்கு வெக்கமாத்தான் இருந்துச்சு, ஆனா வேலை கிடைச்சுடும்னு நம்பிக்கையும் வந்துச்சு.

சிரிப்பு அடங்கினதும் அந்த வயசான குரல் மட்டும் திரும்பப் பேசுச்சு.

"ஒரு நிமிஷம்மா. மஞ்ச, அடுத்து பச்சை, ஆடிட்டுக்கு வெள்ளை. இந்த வரிசையை எங்களுக்கு பிராக்கெட் அனுப்பற ஒரே ஒரு கம்பெனிலதான் நான் பாத்திருக்கேன். உங்க வீட்டுக்காரர் அங்க குவாலிட்டியா?"

கீபோர்டுங்களுக்கு நடுவுல நான் இன்னும் குறுகிக்கிட்டேன்.

அந்த மாசம்தான் எங்க பிராக்கெட் ரெண்டு லாட்டை ஒரு கஸ்டமர் திருப்பி அனுப்பியிருந்தாங்க. ஏற்கனவே என் மேனேஜர் என்னைப் பாக்கும்போதெல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டிருந்தார். இது வேற அவர் காதுக்குப் போச்சுன்னா நான் அவ்வளவுதான். கவுன்ட்டருக்கு அடியிலேர்ந்து ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். வாணி கண்ணை மட்டும் கீழ இறக்கி என்னைப் பாத்தா. காலைலேர்ந்து நான் பண்ணினது எல்லாம் அந்தப் பார்வையில இருந்துச்சு.

"கம்பெனி அதான் சார். ஆனா அவர் குவாலிட்டி எல்லாம் இல்ல. கேன்டீன் சூப்பர்வைசர்."

"அப்ப மார்க்கர் ஏதும்மா?"

"லைன்ல கீழ கிடந்துச்சாம் சார். பாப்பா படம் வரையும்னு எடுத்துக்கிட்டு வந்தார்."

"அதானே பாத்தேன்" அப்படின்னார் அவர். "குவாலிட்டில இருக்கறவங்க இப்படிப் பண்ண மாட்டாங்க."

ஸ்டெல்லா முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு, குனிஞ்சு ஷட்டரைத் தாண்டி வெளில போயிட்டாங்க.

செவ்வாய்க்கிழமை மெயில் வந்துச்சு. வாணிக்கு வேலை கிடைச்சுடுச்சு. மெயிலை ரெண்டு பேரும் சேந்து படிச்சோம். மொதல்ல அழுதது நான்தான், சொல்றதுல வெக்கம் இல்ல.

சேர்ற அன்னிக்கு அவளைக் கம்பெனி கேட்ல இறக்கி விட்டேன். நரைச்ச தலையோட ஒருத்தர் கார்லேர்ந்து இறங்கி வந்து வாணிக்கு வணக்கம் சொன்னார். அதே குரல். என் பக்கம் திரும்பி, "நீங்கதானா அந்த கேன்டீன் சார்?"னு கேட்டு, என் கையைப் பிடிச்சுக் குலுக்கி, என் முகத்தை நல்லாப் பாத்துச் சிரிச்சார். நானும் சிரிச்சேன்.

நேத்து எங்க ப்ளான்ட்ல நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. திருப்பி அனுப்பின ரெண்டு லாட்டை விசாரிக்க, வர்ற வியாழக்கிழமை கஸ்டமர் ஆடிட். அனுப்பினது வாணி சேர்ந்த கம்பெனி. வர்றது அவரேதான்.

கேன்டீன் கான்ட்ராக்டர்கிட்ட பேசிட்டேன், வியாழக்கிழமை மதியம் சாம்பார் வாளி என் கையில.